நிலாவெளி மணல் அல்ல

முதலில் மணல் என்றுதான் நினைத்தேன்.
ஞாயிறு பின்னேரம் நிலாவெளிக்குப் போய்வந்தால்
சின்னவனின் காற்சட்டைப் பொக்கெற்றிலிருந்து
புதன்வரை கடற்கரை கொட்டும்.
கூட்டினேன்.
வியாழன் விடிய, அலுமாரிக் காலடியில்,
அதே அளவு குவியல்.

விரலில் ஒட்டி வெளிச்சத்தில் பிடித்தேன்.
கசகசா போல, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஆறு பட்டை,
யாரோ பொறுமையாக இருந்து சீவியதுபோல.
"பீ" என்றார் கிண்ணியாவிலிருந்து வந்த ஜெஸீம்.
"மன்னிக்கோணும் மிஸ், கறையான்ர பீ."

மண் வேண்டாத சாதியாம் இது.
புற்றில்லை, சுவரில் மண்கோடு இல்லை,
தண்ணீரும் தேடாது.
காய்ந்த பலகைக்குள்ளேயே பிறந்து
அதையே தின்று
குப்பையை மட்டும் குண்டூசித் துவாரத்தால்
வெளியே தள்ளும்.
எங்கள் ஒழுங்கையில் இப்படி மூன்று குடும்பம் உண்டு
என்றார் இவர்.
நான் சிரிக்கவில்லை.

திருப்புளிப் பிடியால் தட்டிக்கொண்டே போனார் ஜெஸீம்,
நெஞ்சில் விரல் வைத்துத் தட்டும் டொக்டர் மாதிரி.
முதிரைக் கதவுநிலை: டங்.
பாலைமர வளை: டங்.
சுனாமிக்குப் பிறகு வரிசையில் நின்று வாங்கிய அலுமாரி:
பொத்.
"இதுக்குள்ள மரமில்லை மிஸ். பெயின்ற்தான் நிக்குது.
எரிச்சிடுங்க. ஆனா கட்டிலுக்கும் ஏறிட்டுது,
சன்னல் நிலைக்கும்."

கொழும்புக் கம்பனி வேறு வழி சொன்னது.
வீட்டைத் தறப்பாளால் மூடிக் கட்டி
மூன்று நாள் புகையடிப்பார்களாம்.
அரிசி, மருந்து, பால்மா, மீன்தொட்டி, ஆட்கள்
எல்லாம் வெளியே.
விலையைக் கேட்டு இவர் இருமினார்.
நான் விலைக்கு வரவேயில்லை,
தறப்பாள் என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன்.

பத்து நிமிடத்தில் எதை எடுக்க வேண்டும் என்று
என் கைக்கு இன்னும் தெரியும்:
அடையாள அட்டை, காணி உறுதி, சீனி, ஒரு பெட்சீட்.
எண்பத்தைந்தில் ஒருமுறை, தொண்ணூறில் ஒருமுறை,
தண்ணீர் வந்த அன்று ஒன்றுமே எடுக்காமல்.
இறங்கச் சொன்னவர்கள் எல்லாரும்
கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள்.
"மூன்றே நாள் மேடம்" என்றான் போனில் அந்தப் பொடியன்.
பாவம், நல்ல குரல்.
வேண்டாம் தம்பி என்று வைத்துவிட்டேன்.

ஆகவே ஊசி.
ஐந்தாம் வார்டில் இருபத்திரண்டு வருடமாக
நரம்பு பிடிபடாத குழந்தைகளுக்குக் குத்துகிறவள் நான்.
ஜெஸீம் மெல்லிய அலகால் துளையிட
நான் மருந்தை ஏற்றினேன்.
கட்டிலின் இடப்பக்கம் ஏற்றியது
ஒரு முழம் தள்ளி வலப்பக்கம் கசிந்தது.
அவ்வளவு தூரத்துக்கு றோட்டுப் போட்டிருக்கிறார்கள்,
நாங்கள் தலை வைத்துப் படுத்த பலகைக்குள்.

"காதை வச்சுப் பாருங்க" என்றார்.
வைத்தேன்.
மழை தொடங்குமுன் தகரத்தில் விழும்
முதல் நாலு துளி.
ஆபத்தென்றால் காவலுக்கு நிற்கிறவை
தலையால் பலகையில் இடிக்குமாம்,
மற்றதுகள் எழும்பி ஓடட்டும் என்று.

சிறிஞ்சைக் கீழே வைத்தேன்.
ஜெஸீம் ஒன்றும் கேட்கவில்லை,
பிளாஸ்கிலிருந்த பிளேன்ரீயை ஊற்றிக் குடித்தார்.
பிறகு எடுத்தேன்.
சன்னல் நிலைக்கு மட்டும் நாற்பத்தொரு துளை.

எல்லாவற்றையும் மெழுகால் அடைத்தோம்.
சன்னலுக்குக் கீழே
சின்னவனின் கறுப்புச் சித்திரத்தாள் விரித்தேன்.
பதினெட்டு நாள் வெறும் கறுப்பு.
இன்று காலை அதில் மூன்று மணி.

பழசு மிஸ், கதவடித்த அதிர்ச்சியில் உதிர்ந்திருக்கும்,
கனநாளைக்கு உதிரும் என்கிறார் ஜெஸீம் போனில்.
இருக்கலாம்.
தாளை முற்றத்தில் உதறிவிட்டுத்
திரும்பவும் அதே இடத்தில் விரித்தேன்.
சிறிஞ்சை எறியவில்லை.
இரவு டியூட்டிக்குப் போகுமுன்
ஒருமுறை காதை வைத்துப் பார்த்தேன்.
கடல் கேட்டது, அல்லது
கடல் என்றுதான் நினைக்கிறேன்.